கூட வேலை பார்த்தவர்களுக்கு மேற்பார்வையாளர் ஆகும்போது

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கடம்பூர் மலையிலும் தாளவாடியிலும் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். எட்டு வருஷம் களப்பணியாளராக இருந்தேன். இந்த ஜூனில் ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே ஆறு பேர். அதில் ஒருவர் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அக்கா. மாத அறிக்கையை யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. நானே ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து திருத்தி எழுதி அனுப்புகிறேன். ஒரு தம்பி மையத்துக்குப் போகாமலே போட்டோ அனுப்புகிறார் என்று சந்தேகம். ஏதாவது கேட்டால், "நேத்து வரைக்கும் எங்ககூட பஸ்ல வந்தவங்கதானுங்க" என்று சிரிக்கிறார்கள். நான் ஒன்று சொன்னால், நேராகச் செயலாளர் அய்யாவிடம் போய் அதை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆளை மேய்க்க எனக்கு வராதோ என்று தோன்றுகிறது. தபால் வழியில் எம்.பி.ஏ. படிக்கலாமா?
(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எம்.பி.ஏ. படிக்க ஆசையிருந்தால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் அதை முடிக்க இரண்டு வருஷம் ஆகும். உங்கள் அடுத்த அறிக்கையோ அடுத்த மாதமே போயாக வேண்டும். அதனால் படிப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, இப்போது கையில் இருப்பதைப் பார்ப்போம்.

நம் துறையில் பதவி உயர்வு நடக்கிற விதமே ஒரு வேடிக்கை. நன்றாகக் களப்பணி செய்கிறவரைப் பிடித்து ஒருங்கிணைப்பாளர் ஆக்குவார்கள். ஒரு ஆர்டர், ஒரு லேப்டாப், வாட்ஸ்அப் குரூப்பில் நாலு கைதட்டல். அவ்வளவுதான். நேற்று செய்த வேலையில் எதை விட வேண்டும், எதைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லரைச் சூப்பர்வைசர் ஆக்கினால் அன்றைக்கே மெஷினிலிருந்து எழுப்பிவிடுவார்கள். நாம் மெஷினிலேயே உட்காரவைத்து, பேரை மட்டும் மாற்றிவிடுகிறோம். நீங்கள் இப்போது அந்த மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இதுவரை மலைக்கிராமம் உங்கள் ஃபீல்டு. இனிமேல் அந்த ஆறு பேர்தான் உங்கள் ஃபீல்டு. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்ற வீட்டுக்கு எட்டு வருஷம் போயிருக்கிறீர்கள். முதல் நாளே உபதேசம் செய்யவில்லை, சத்தம் போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, என்ன கஷ்டம் என்று கேட்டு, மறுபடி வருவேன் என்று சொன்ன தேதியில் போய் நின்றிருக்கிறீர்கள். ஆளை மேய்க்க வராது என்கிறீர்களே, இதைவிட என்ன வர வேண்டும்? கிராமத்தில் காட்டிய அந்தப் பொறுமையை அலுவலகத்தில் நாம் யாரும் காட்டுவதில்லை என்பதுதான் கோளாறு.

முதலில் அந்த ராத்திரி பதினோரு மணி வேலையை நிறுத்துங்கள். நீங்கள் எழுதிக்கொடுக்கிற வரைக்கும் அவர்கள் எழுதப்போவதில்லை. அது முழுக்கச் சோம்பேறித்தனமும் இல்லை. எப்படி எழுதினாலும் அக்கா மாற்றிவிடுவார் என்று தெரிந்தபிறகு யார் மெனக்கெடுவார்கள்?

அடுத்த மாதம் ஒவ்வொருவரோடும் அவர் அறிக்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "இம்மாதம் 22 குழந்தைகள் பயன்பெற்றனர். பெற்றோர் கூட்டம் நடைபெற்றது" என்று எழுதியிருப்பார். சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். கேளுங்கள்.

"கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"பதினோரு பேருங்க."

"யார் பேசினாங்க?"

"பெரும்பாலும் நான்தானுங்க. ஒரு அம்மா மட்டும் அழுதாங்க. பொண்ணு எட்டாவதோட நின்னுக்கறேங்குதாம். மில்லுக்குப் போகோணும்ங்குதாம்."

"அப்புறம்?"

"அடுத்த நாள் வீட்டுக்குப் போனேனுங்க. மறுக்கா போகோணும்."

அறிக்கை என்பது இதுதான். இதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழை இருந்தால் இருக்கட்டும். டோனருக்கு, அதாவது நமக்கு நிதி தருகிறவர்களுக்கு, ஆங்கிலத்தில் போக வேண்டுமென்றால் அதை மொழிபெயர்ப்பது அலுவலகத்தின் பாடு, களப்பணியாளரின் பாடில்லை. அதைவிட முக்கியம், அந்த இடத்திலேயே அடுத்த வேலையும் பேசி முடிந்துவிடுகிறது. பெண்ணுக்கு என்ன வயது? 14 முடியவில்லை என்றால் மில்லில் வேலைக்கு வைப்பதே குற்றம். தலைமையாசிரியரிடம் யார் பேசுவது, மறுபடி வீட்டுக்கு எப்போது போவது, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்ல வேண்டிய நிலை வருமா? இதையெல்லாம் நீங்கள் தனியாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேச முடியாது.

இரண்டு மூன்று மாதம் அறிக்கைகள் இப்போது இருப்பதைவிடச் சுமாராகத்தான் இருக்கும். அதைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் பதறுவார், நீங்கள் பழையபடி ராத்திரி உட்கார்ந்துவிடுவீர்கள்.

இந்தத் தனிச் சந்திப்பை அறிக்கைக்காக மட்டும் என்று வைக்காமல் நிரந்தரமாக்குங்கள். வாரத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு முக்கால் மணி நேரம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் முறை வந்துவிடும். சமூகப்பணி படித்தவர்களுக்கு இது புதிதில்லை. கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி மாதிரி எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பு நடக்கிற இடங்களில், களப்பணிக்குப் போகிற மாணவர் தவறாமல் ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இன்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக ஐ.சி. என்பார்கள். படிப்பு முடித்து நிறுவனத்தில் பெரிய பதவிக்கு வந்ததும் அதே ஆட்கள் அதை எப்படி மறந்துபோகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

ஆல்ஃபிரட் கடூஷின் என்ற அமெரிக்கச் சமூகப்பணிப் பேராசிரியர் 1970-களிலேயே மேற்பார்வையை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். வேலை நடக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. வேலையைக் கற்றுக்கொடுப்பது ஒன்று. வேலை செய்கிற ஆள் ஒடிந்துபோகாமல் தாங்குவது ஒன்று. நம்மூரில் முதலாவது மட்டும் நடக்கும், அதுவும் வாட்ஸ்அப்பில்.

சந்திப்பை எல்லோரும் வந்துபோகிற ஹாலில் வைக்காதீர்கள், டீக்கடையிலும் வேண்டாம். தாளவாடியில் இருப்பவர்களைத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரச்சொல்லி, முக்கால் மணி நேரம் பேசி, திரும்ப ஏறச் சொல்லாதீர்கள். நீங்கள் மேலே போங்கள். ஒரு நோட்டில் ஆளுக்குச் சில பக்கம் ஒதுக்கி, அவர் செய்கிறேன் என்று சொன்னதையும் நீங்கள் செய்கிறேன் என்று சொன்னதையும் எழுதுங்கள். அடுத்த முறை பேச்சை உங்கள் வாக்கிலிருந்து தொடங்குங்கள். "உங்க ரெண்டு மாச பயணப்படி பில் கேட்டிருந்தீங்க, போன வெள்ளிக்கிழமை பாஸ் ஆயிருச்சு" என்று ஆரம்பித்துப் பாருங்கள், மீதிப் பேச்சு தானாக வரும்.

பேச ஒன்றுமில்லை என்று தோன்றுகிற வாரத்திலும் விடாதீர்கள். "எனக்கு ஒன்னும் பிரச்சினையில்லீங்க" என்று நாலு முறை சொன்னவர் ஐந்தாம் முறைதான் வாயைத் திறப்பார். தாளவாடியில் சில பணியாளர்களுக்குக் கன்னடம்தான் சரளம் என்றால், அவர்களுக்குத் தமிழ்ப் படிவம் நிரப்புவதே பெரிய பாரமாக இருக்கலாம். குரூப் மீட்டிங்கில் அது ஒருநாளும் வெளியே வராது.

இப்போது அந்தத் தம்பி. ஜி.பி.எஸ். போட்டோவை நம் துறையில் ரொம்பப் பெரிய விஷயமாக்கிவிட்டோம். இடமும் நேரமும் அச்சடித்த ஒரு படம் வந்துவிட்டால் மையம் நடந்ததாகக் கணக்கு. பத்து நிமிஷம் நின்று குழந்தைகளை வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பினாலும் அதே படம்தான் வரும். ஆக போட்டோவை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அவர் பக்கமும் சரி, உங்கள் பக்கமும் சரி. போய்ப் பாருங்கள். பறக்கும் படை மாதிரி ஒளிந்து போகாமல், "இந்த வாரம் ரெண்டு நாள் உங்க மையத்துல இருக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டே போங்கள். நடக்காத மையத்தைச் சொல்லிவிட்டுப் போனாலும் கண்டுபிடித்துவிடலாம். குழந்தைகளுக்கு நடிக்கத் தெரியாது. நோட்டைப் புரட்டினாலே தேதி தெரிந்துவிடும்.

அப்புறம் தனியாகக் கேளுங்கள். "உங்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். "செவ்வாய், புதன் மையம் திறக்கலைன்னு ரெண்டு அம்மாங்க சொன்னாங்க. போட்டோ வந்திருக்குது. என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தை நாமே நிரப்பி, அவருக்குச் சாக்கையும் நாமே எடுத்துக்கொடுத்துவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

என்ன பதில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு. பர்கூர் மலையில் ஒரு நிறுவனத்தில் இதே புகார் வந்தபோது விசாரித்தால், இருட்டின பிறகு யானை நிற்கிற பாதையில் பைக்கில் தனியாக இறங்கப் பயந்துகொண்டு ஏழரை மணி மையத்தை ஆறரைக்கே மூடிக்கொண்டிருந்தார் அந்தப் பையன். சொன்னால் வேலை போய்விடுமோ என்று ஒளித்திருக்கிறார். மைய நேரத்தை முன்னால் தள்ளியதோடு விஷயம் முடிந்தது. உங்கள் தம்பிக்குப் பெட்ரோல் காசு கட்டுப்படியாகாமல் இருக்கலாம். பயணப்படி என்றைக்கு நிர்ணயித்தது, பெட்ரோல் இன்றைக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டும் உங்கள் நிறுவனம் சரிசெய்ய வேண்டியவை.

இரண்டும் இல்லை, வராத குழந்தைகளின் வருகையைப் பதிவேட்டில் போட்டிருக்கிறார் என்றால் அதைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. எழுத்தில் விளக்கம் கேளுங்கள், செயலாளருக்குச் சொல்லுங்கள், எந்தத் தேதிக்குள் எது மாற வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். மாறாவிட்டால் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போக வேண்டியதுதான். சேவை நிறுவனம் என்றால் யாரையும் வெளியே அனுப்பக்கூடாது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அந்தக் கருணைக்கு விலை கொடுப்பது மலையில் இருக்கிற குழந்தைகள்.

அக்காவின் விஷயம் இதைவிட நுணுக்கம். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பதவி தனக்கு வரும் என்று அவர் நினைத்திருக்கலாம். டிகிரி இல்லை, கம்ப்யூட்டர் தெரியாது என்று தாண்டிப் போயிருப்பார்கள், அதை அவர் முகத்துக்கு நேராக யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். நீங்கள் போய்ப் பேசுங்கள், அலுவலகத்தில் வேண்டாம், அவர் வீட்டில். "அக்கா, இந்த வேலையை நீங்கதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க. பொறுப்பு எனக்கு வந்ததுல உங்களுக்கு வருத்தம் இருந்தா என்கிட்டயே சொல்லிருங்க, நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்." அவர் "அதெல்லாம் ஒன்னுமில்ல கண்ணு" என்பார். பரவாயில்லை, கேட்டது கேட்டதுதான்.

பிறகு அவருக்கு ஒரு நிஜமான பொறுப்புக் கொடுங்கள். புதிதாகச் சேர்கிறவர்களை முதல் மாதம் அவரோடு அனுப்பி வேலை பழக்கலாம். அதற்கு ஒரு பெயரும், முடிந்தால் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதலும் வாங்கித்தரப் பாருங்கள். நீங்கள் அவரை அக்கா என்றே கூப்பிடுங்கள், அவர் உங்களைக் கண்ணு என்று கூப்பிட்டால் உங்கள் பதவி குறைந்துவிடாது. ஆனால் அவருடைய பதிவேட்டையும் மற்ற ஐந்து பேருடையதைப் போலவே பாருங்கள். அவருக்கு மட்டும் சலுகை என்று தெரிந்த அன்றைக்கு மற்றவர்களிடம் நீங்கள் எதுவும் கேட்க முடியாது.

"பஸ்ல வந்தவங்கதானுங்க" என்று சிரிக்கிறவர்களிடம் நீங்களும் சிரித்துவிட்டு, "ஆமாங்க, நாளைக்கும் அதே பஸ்லதான் வருவேன். சரி, அந்தப் பதிவேடு எங்க?" என்று கேளுங்கள். இதற்குமேல் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

செயலாளர் அய்யாவிடம் போவது வேறு சிக்கல். நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். பணியாளர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கல்யாணம் காட்சிக்குப் போய் வந்தவர். அவர்களுக்கு வாசல் சாத்துவது அவருக்கு முடியாது. அவர் உங்களைத் தாழ்த்துவதற்காகச் செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டே பேசுங்கள். எதெல்லாம் நீங்களே முடிவுசெய்யலாம் (இரண்டு நாள் விடுப்பு, மைய நேரம், பயணப்படிக் கையெழுத்து), எதெல்லாம் அவரைக் கேட்டுச் செய்ய வேண்டும், எது முழுக்க அவருடையது என்று ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் அடித்துத் திருத்தட்டும். திருத்திய தாளை அடுத்த கூட்டத்தில் அவர் வாயாலேயே எல்லோருக்கும் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரிடம் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் "ஒருங்கிணைப்பாளர்கிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்க வேண்டும். உங்கள் பங்குக்கு, சங்கடமான முடிவு எடுக்கிற அன்றைக்கே அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். முடிவை வேறொருவர் வாயிலிருந்து கேட்டால்தான் அவர் மாற்றுவார்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் மேலேயே புகார் என்றாலோ, பாலியல் தொல்லை என்றாலோ அவர்கள் உங்களைத் தாண்டிப் போகிற வழி திறந்தே இருக்க வேண்டும். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் அந்தப் புகாரை விசாரிக்கிற உள்ளகக் குழு கட்டாயம். தொண்டு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். அதற்குக் கீழே என்றால் மாவட்டத்தில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கம்பெனிகளின் குழுவில் வெளி உறுப்பினராகப் போய் உட்காருகிற நம் ஆட்கள் சிலரது சொந்த அலுவலகத்தில் குழுவே இல்லாததை நான் பார்த்திருக்கிறேன். பெண் பணியாளர்கள் மாலையில் மலைப்பாதையில் வந்துபோகிற உங்கள் நிறுவனத்தில் என்ன நிலவரம் என்று விசாரியுங்கள்.

எம்.பி.ஏ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலாக நிறுவனத்திடமே பயிற்சி கேட்கலாம். பயிற்சிக்குக் காசில்லை என்பார்கள். காரணம் முழுப் பொய்யும் இல்லை. வெளிநாட்டு நிதி வாங்குகிற நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதிலிருந்து, நிர்வாகம் என்ற வாசனை அடிக்கிற எதையும் கணக்காளர் தொடவிட மாட்டார். ஆனால் நிறுவனத்தின் நோக்கத்துக்காக நேரடியாகச் செய்கிற செலவு அந்த 20-க்குள் வராது. உங்கள் பணியாளர்களுக்கு வேலை பழக்குகிற செலவு எந்தத் தலைப்பில் போகும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த திட்ட முன்வடிவிலேயே அதற்கு ஒரு வரி போடச் சொல்லுங்கள். கேட்காததால் கிடைக்காமல் போவதுதான் அதிகம். அதுவரை காசில்லாமல் நடப்பது ஒன்று இருக்கிறது: கோபியிலோ அந்தியூரிலோ உங்களைப் போலவே புதிதாக ஒருங்கிணைப்பாளர் ஆன இரண்டு பேரைப் பிடித்து, மாதம் ஒருநாள் உட்கார்ந்து அவரவர் சிக்கலைப் பேசுங்கள். இரண்டு நாள் ஹோட்டல் பயிற்சியில் கொடுக்கிற ஃபைலைவிட இது உதவும்.

இன்னொன்று, மார்ச் மாதம். கணக்கு முடிப்பு, ஒப்பந்தம் புதுப்பிப்பு, டோனர் ரிவ்யூ எல்லாம் அப்போதுதான் வரும். பண்ணாரி அம்மன் கோயில் குண்டமும் (தீமிதித் திருவிழா) பங்குனியில், அதை ஒட்டியே. பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் விடுப்பு. ஜனவரியிலேயே ஒவ்வொருவரிடமும் அவருடைய ஒப்பந்தம் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்தவரை சொல்லிவிடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஏப்ரலில் சம்பளம் உண்டா என்று தெரியாத ஆளிடம் பதிவேடு கேட்டுக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.

உங்கள் பழைய மையங்களை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று எழுதவில்லை. நீங்களேதான் என்றால், மேலே சொன்ன எதற்கும் நேரம் கிடைக்காது. சம்பளம் எவ்வளவு ஏறியது, வேலைப் பொறுப்பு எழுத்தில் இருக்கிறதா என்பதும் கடிதத்தில் இல்லை. செயலாளரிடம் அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துப் போகும்போது இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். பழைய மையத்தை எந்தத் தேதியிலிருந்து யாரிடம் ஒப்படைப்பது என்பதற்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.